வாசகர் கேள்வி – பதில்: பிற சமயத்தாரும் நம் சாட்சியும்

பிற சமயத்தவரோடு பழகுவது, அவர்களிடம் நற்செய்தி சொல்வது பற்றி வந்த கடிதங்களிலிருந்து ஒன்பது கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

“எல்லா ஆறும் கடலில்தான் சேருகிறது, எல்லா மதமும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது” என்கிறார்கள் நண்பர்கள். இயேசு ஒருவரே வழி என்றால் ஆணவம் என்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

அந்தந்தச் சமயங்களைப் படித்துப் பார்த்தால் அவை ஒன்றையே சொல்லவில்லை என்பது தெரியும். இஸ்லாம் படைத்தவரிலிருந்து தொடங்குகிறது. புத்தரின் போதனையோ படைத்தவர் ஒருவரைச் சார்ந்து நிற்கவில்லை. ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்கிறது அத்வைதம், வேறு வேறு என்கிறது துவைதம். இயேசு சிலுவையில் கொல்லப்படவில்லை என்கிறது குர்ஆன் 4:157. நான்கு சுவிசேஷங்களும் அவர் சிலுவையில் மரித்ததை மையமாக வைத்தே எழுதப்பட்டவை. இவை எல்லாமே ஒன்றுதான் என்பவர், ஒவ்வொருவரும் உயிராக நினைப்பதை ‘அது அவ்வளவு முக்கியமில்லை’ என்று ஒதுக்கிவிடுகிறார். பணிவாகத் தெரிந்தாலும் அதுவும் எல்லோருக்கும் மேலே நின்று சொல்லும் தீர்ப்புதான்.

இன்னொரு பக்கம், ஆணவம் என்ற குற்றச்சாட்டில் நியாயமே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. ‘வழி ஒருவரே’ என்பது கிறிஸ்துவைப் பற்றிய பேச்சு (யோவான் 14:6). ‘எங்களிடம்தான் எல்லாம் இருக்கிறது, உங்களிடம் ஒன்றுமில்லை’ என்பது நம்மைப் பற்றிய பேச்சு. முதலாவதைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு இரண்டாவதைச் சொல்லிவிடுகிறோம். லீஸ்திராவில் பவுல், சுவிசேஷத்தைக் கேட்டேயிராத மக்களிடம் பேசும்போது, மழையாலும் செழிப்பான காலங்களாலும் தேவன் தம்மைப்பற்றி அவர்களுக்குச் சாட்சி இல்லாமல் விடவில்லை என்றார் (அப்போஸ்தலர் 14:17). நாம் போவதற்கு முன்பே அங்கே தேவன் இருக்கிறார்.

கத்தோலிக்கத் திருச்சபை 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ ஏடு, பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருக்கும் எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்கிறது. கிறிஸ்துவை இடைவிடாமல் அறிவிக்க வேண்டும் என்பதையும் அதே பத்தியிலேயே சொல்கிறது. இவாஞ்சலிக்கல் சபையார் 1974இல் உருவாக்கிய லோசான் உடன்படிக்கை, எல்லாச் சமயங்கள் வழியாகவும் கிறிஸ்து ஒரேபோலப் பேசுகிறார் என்ற கருத்தை மறுக்கிறது. ஆனால் பிறரைப் புரிந்துகொள்வதற்காகக் காதுகொடுத்துக் கேட்கும் உரையாடல் சுவிசேஷப் பணிக்கு இன்றியமையாதது என்றும் சொல்கிறது. பல காரியங்களில் ஒத்துப்போகாத இவ்விரு மரபுகளும் உறுதியையும் மரியாதையையும் சேர்த்தே பிடித்திருக்கின்றன. நண்பர்களிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “இயேசு தம்மைப்பற்றிச் சொன்னதை நான் நம்புகிறேன். நீங்கள் நம்புவதையும் முழுதாகக் கேட்க ஆசைப்படுகிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று மட்டும் பொய்யாகச் சொல்ல மாட்டேன்.”

உடன் வேலை செய்பவரிடம் இயேசுவைப்பற்றிப் பேசத் தொடங்கினாலே வாக்குவாதமாகிவிடுகிறது. எப்படித் தொடங்குவது?

யோவான் 4ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணோடு நடந்த உரையாடலை, யார் எத்தனை முறை பேசுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வாசியுங்கள். இயேசு ஏழு முறை பேசுகிறார், அவள் ஆறு முறை. அவருடைய முதல் வாக்கியம் உதவி கேட்பது: “தாகத்துக்குத் தா.” எந்த மலையில் தொழுவது என்ற சமயத் தர்க்கத்தை எடுப்பது அவள், அதுவும் 20ஆம் வசனத்தில்தான். அவள் கேட்டபின் அவர் மழுப்பவில்லை, இரட்சிப்பு யூதர்கள் வழியாய் வருகிறது என்று நேராகவே சொல்கிறார். வாக்குவாதம் ஆகிற இடங்களில் பெரும்பாலும் நாம் 20ஆம் வசனத்திலிருந்து ஆரம்பித்திருப்போம்.

முதல் மூன்று நான்கு சந்திப்புகளில் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேண்டும்போது என்ன கேட்டு வேண்டுவீர்கள்? உங்கள் சமயத்தில் உங்களுக்கு ஆறுதலானது எது, பாரமானது எது? கிறிஸ்தவர்களிடம் உங்களுக்குப் புரியாதது, பிடிக்காதது எது? கடைசிக் கேள்விக்குத்தான் அதிகம் வரும், அங்கேதான் நமக்கு வாய் துறுதுறுக்கும். சபையைக் காப்பாற்றப் புறப்படாமல் கேளுங்கள். கேட்டு முடித்ததும் அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். “ஆமாம், அதைத்தான் சொன்னேன்” என்று அவர் சொல்லும்வரை உங்கள் முறை வரவில்லை.

உங்கள் முறை வந்ததும் அனுமதி கேட்டு மூன்று நிமிடம் பேசுங்கள். நடுவில் இருக்க வேண்டியது 1 கொரிந்தியர் 15:3-4: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். சாட்சி சொல்லும்போது வழக்கமாக நடக்கும் கோளாறு, பழைய வாழ்க்கைக்கு இரண்டரை நிமிடம் போய், கிறிஸ்துவுக்கு அரை நிமிடம் மிஞ்சுவது. அதைவிடப் பெரிய கோளாறு, ‘இயேசுவிடம் வந்தால் கடன் தீரும், வியாதி போகும்’ என்று அவர் கொடுக்காத உத்தரவாதத்தை நாம் கொடுப்பது. வியாதி போகாத அன்று, மற்றதும் பொய்தான் என்று அவர் முடிவு செய்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அவர் ஆர்வம் காட்டினால் மாற்கு சுவிசேஷத்தைச் சேர்ந்து வாசிக்கலாம். 16 அதிகாரம்தான், இருப்பதில் சிறியது. ஒரு அமர்வுக்கு 12 முதல் 20 வசனம் போதும். மூன்று கேள்விகள்: இதில் இயேசு எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? எது புரியவில்லை? இது உண்மையானால் எது மாற வேண்டும்? அங்கொரு வசனம் இங்கொரு வசனம் என்று தாவாதீர்கள். நமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக் காட்டுகிறோம் என்று அவருக்குத் தோன்றும். தொடங்க நல்ல பகுதி 2:1-12. நாலு பேர் சுமந்து கூரை வழியே இறக்கிய திமிர்வாதக்காரனிடம் இயேசு முதலில் சொல்வது பாவமன்னிப்பு. “தேவன் ஒருவரேயன்றிப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார்?” என்ற கேள்வி கதைக்குள்ளேயே எழும், நாம் எழுப்ப வேண்டியதில்லை. வினைப்பயனை நம்புகிறவர், ‘அப்படியானால் அவன் பாவத்தால்தான் அந்த நோய் வந்ததா’ என்று கேட்கக்கூடும். அதற்கு யோவான் 9:3ஐ முன்பே பார்த்து வைத்திருங்கள்.

வேலையிடம் என்பதால் ஒன்று: வேலை நேரத்தில் வேண்டாம். உங்களுக்குக் கீழே பணிபுரிகிறவரிடம் நீங்களாக எடுக்கவே வேண்டாம். சம்பளமும் பதவி உயர்வும் உங்கள் கையில் இருக்கும்போது அவரால் மனம்விட்டு ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது.

சபையில் பேசுகிற மாதிரியே வெளியிலும் பேசினால் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். எந்தச் சொற்களில் கவனம் வேண்டும்?

‘மறுபடியும் பிறக்க வேண்டும்’ என்பதில் தொடங்குவோம். பிறவிச் சுழற்சியிலிருந்து விடுபடுவதே வீடுபேறு என்று கற்றவரிடம் இதைச் சொன்னால், அவர் எங்கிருந்து தப்ப நினைக்கிறாரோ அங்கேயே திருப்பி அனுப்புவதாகத்தான் கேட்கும். இதை இயேசுவிடமே கேட்ட நிக்கொதேமுவும் தாயின் கர்ப்பம்வரை போய்க் குழம்பியவர்தான். யோவான் 3:3இல் உள்ள ‘அனோதென்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘மறுபடியும்’ என்றும் ‘மேலிருந்து’ என்றும் பொருள் உண்டு. “இந்த வாழ்விலேயே தேவன் மேலிருந்து தருகிற புது உயிர்” என்று விரித்துச் சொன்னால் குழப்பம் குறையும்.

‘அவதாரம்’ என்ற சொல்லில் சிக்கல் வேறு மாதிரி. “இயேசுவும் ஓர் அவதாரம்தான்” என்று எதிரில் இருப்பவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார், நாமும் ஒத்துக்கொண்டார் என்று மகிழ்ந்துவிடுவோம். கீதை 4:7-8 சொல்வது அறம் தாழும்போதெல்லாம், யுகந்தோறும் வருவதை. எபிரெயர் 9:26 சொல்வது ஒரேதரம் வெளிப்பட்டதை. மேலும், மனிதனான கிறிஸ்து அந்த மனிதத்தன்மையைக் கழற்றிப் போடவில்லை, உடலோடு உயிர்த்தெழுந்தார். ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் இருப்பதை அங்கேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இஸ்லாமியரிடம் ‘தேவகுமாரன்’. அல்லாஹ் யாரையும் பெறவுமில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்கிறது குர்ஆனின் 112ஆம் அத்தியாயம். எனவே பலருக்கு இந்தச் சொல் உடல்வழிப் பிறப்பாகவே கேட்கும். “அந்த அர்த்தத்தில் நாங்களும் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் எங்களுக்கும் அது தேவதூஷணம்” என்று முதலில் சொல்லிவிட்டு, யோவான் 1:1-14இன் ‘வார்த்தை’க்கு வாருங்கள். குர்ஆன் 4:171 ஈசாவை (இயேசுவை) இறைவனின் வார்த்தை என்று குறிப்பிடுவது பேச்சுக்கு நல்ல வாசல். ஆனால் ‘பாருங்கள், உங்கள் நூலே எங்கள் உபதேசத்தைச் சொல்கிறது’ என்று இழுக்காதீர்கள். அதே வசனம் ‘மூன்று என்று சொல்லாதீர்கள்’ என்கிறது. பாதி வசனம் காட்டுகிறவரை மறுமுறை யாரும் நம்ப மாட்டார்கள்.

‘பாவம்’ தமிழில் இரட்டை வேலை செய்யும் சொல். ‘ஐயோ பாவம்’ என்றால் இரக்கம். பாவம் புண்ணியம் என்று சேர்ந்து வந்தால் அது வரவு செலவுக் கணக்கு, கூடுதலாகப் புண்ணியம் செய்தால் சரிக்கட்டிவிடலாம் என்று தோன்றும். வேதம் சொல்லும் பாவத்தில் முறிந்திருப்பது உறவு. லூக்கா 15இல் இளையமகன் ஊர் திரும்பும்முன் ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். அதன் கடைசி வரி, “உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்” (19ஆம் வசனம்). கணக்கைத் தீர்த்துவிடும் யோசனை அது. ஆனால் தகப்பன் முன்னால் நின்று பேசும்போது (21ஆம் வசனம்) அந்த வரி மட்டும் வரவில்லை. அதற்குள் அவர் வஸ்திரத்துக்கும் மோதிரத்துக்கும் ஆள் அனுப்பிவிட்டார். இந்த இரண்டு வசனங்களையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டுங்கள். பாவம், மன்னிப்பு இரண்டுக்கும் இதைவிடத் தெளிவான விளக்கம் எங்களுக்குத் தெரியாது.

‘நித்திய ஜீவன்’ பௌத்தருக்கு முடிவே இல்லாத இருப்பாகக் கேட்கும், அது அவருக்கு நற்செய்தி அல்ல. யோவான் 17:3ஐக் காட்டுங்கள்: அங்கே நித்திய ஜீவன் என்பது தேவனை அறிவது. ‘இரத்தத்தால் கழுவப்பட்டேன்’ என்பதைப் பின்னணி சொல்லாமல் வெளியே சொல்லாதீர்கள்.

விக்கிரக வணக்கத்தைக் கண்டித்துப் பேசுவதுதானே தைரியம்? பவுலே அதைப் பேய்களுக்குப் படைப்பது என்கிறாரே?

என்கிறார், 1 கொரிந்தியர் 10:20இல். அது சபைக்கு எழுதிய நிருபம். அதே பவுல் அத்தேனே பட்டணத்தில் விக்கிரகங்களைக் கண்டு உள்ளே கொதிக்கிறார் (அப்போஸ்தலர் 17:16). ஆனால் அந்நகரத்தின் மார்ஸ் மேடையில் அவருடைய முதல் வாக்கியம் ‘நீங்கள் மிகுந்த தேவதாபக்தியுள்ளவர்கள்’ என்பது. அவர்கள் வழிபடும் பொருட்களைச் சுற்றிப் பார்த்திருக்கிறார், ஒரு பீடத்தின் எழுத்தை வாசித்திருக்கிறார், அவர்களுடைய கவிஞர் அராத்து எழுதிய வரியை மேற்கோள் காட்டுகிறார். தெய்வம் பொன்னுக்கும் வெள்ளிக்கும் கல்லுக்கும் ஒப்பல்ல என்பதையும், மனந்திரும்ப வேண்டும் என்பதையும் அதன்பின் விடாமல் சொல்கிறார்.

எபேசுவில் திறன்னு என்பவனின் வித்தியாசாலையில் நடந்தது இரண்டு வருஷப் போதனை. கையால் செய்யப்பட்டவை தேவர்கள் அல்ல என்று பவுல் போதித்தது தட்டான் தெமேத்திரியுவுக்கே தெரிந்திருக்கிறது. அப்படியிருந்தும் கலவரத்தின் நடுவே அந்த நகரத்தின் அதிகாரி, இவர்கள் கோவிலைக் கொள்ளையிட்டவர்களும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல என்று சான்று சொல்கிறார் (19:37). நம் பிரசங்கங்களைக் கேட்ட பிற சமயத்தவர் ஒருவர் நமக்கு அந்தச் சான்றைத் தருவாரா?

பிறர் விசுவாசத்தைப்பற்றிப் பேசும்போது, அந்தச் சமயத்தவர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ‘சரியாகச் சொன்னார்’ என்று அவர் தலையசைக்க வேண்டும், அதன்பின் மறுத்துப் பேசலாம். நம் பரிசுத்தவான்களை அவர்களுடைய போலிச் சாமியார்களோடு ஒப்பிடாதீர்கள். வேதத்தை வேதத்தோடும் வாழ்க்கையை வாழ்க்கையோடும் வையுங்கள். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டுமானது அல்ல.

எங்கள் குழு நிவாரணப் பொருட்கள் கொடுக்கிறது. பையில் ஒரு கைப்பிரதியும் வைக்கலாமா?

வேண்டாம். பசியில் இருப்பவர் பையை மட்டும் வாங்கிக்கொண்டு பிரதியை மறுக்க முடியாது, அதனால் அவர் வாங்கிக்கொண்டதற்கு அர்த்தமில்லை. உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் சமய உரையாடல் அவை, உலக இவாஞ்சலிக்கல் ஐக்கியம் மூன்றும் சேர்ந்து 2011 ஜூன் 28 அன்று வெளியிட்ட நடத்தை நெறியில் 12 கோட்பாடுகள் உண்டு. பொருளுதவியையோ வெகுமதியையோ காட்டி ஆட்களைச் சேர்ப்பதை அது வெளிப்படையாக மறுக்கிறது.

பட்டியலைத் தேவையை வைத்துத் தயாரியுங்கள், சமயம் என்ற கட்டமே அதில் வேண்டாம். பொருள் கொடுக்கும்முன் ஜெபக்கூட்டம் வேண்டாம். வாங்குகிறவர் முகத்தைப் படமெடுத்துப் பரப்பாதீர்கள். “ஏன் இதையெல்லாம் செய்கிறீர்கள்?” என்று அவர்களாகக் கேட்டால் தயங்காமல் இயேசுவின் பெயரைச் சொல்லுங்கள். பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் சமாரியன் (லூக்கா 17). மற்ற ஒன்பது பேரின் சுகம் பறிக்கப்படவில்லை.

ஆஸ்பத்திரியிலும் இதே அளவுகோல்தான். “உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் அவர் இருக்க வேண்டும். குழந்தைகளிடம் பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் கூடாது.

பிற சமய நண்பர் வீட்டு விருந்துக்குப் போகலாமா? படைத்த உணவாக இருந்தால்?

போகலாம். 1 கொரிந்தியர் 10:27-28இல் படிப்படியாகவே இருக்கிறது: அழைத்தால், போக மனதிருந்தால் போ. வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு. ‘இது படைக்கப்பட்டது’ என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருக்காக விட்டுவிடு. மறுக்கும்போது முகம் சுளிக்காமல், “உங்கள் அன்புக்கு நன்றி, வழிபாட்டில் படைத்ததை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை” என்று ஒரு வரியில் சொன்னால் போதும்.

நான் சமீபத்தில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் வேறு சமயம். எல்லாவற்றையும் உதறிவிட்டு வெளியேற வேண்டுமா? (பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி)

வெளியேறும்படி வேதம் உங்களைத் துரத்தவில்லை. சீரியாவின் படைத்தலைவன் நாகமான் சுகமானபின் வேறு தேவர்களுக்குப் பலியிட மாட்டேன் என்று உறுதி சொல்கிறான். ஆனால் ராஜா தன் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது தானும் குனிய வேண்டியிருக்குமே என்று தவிக்கிறான். தீர்க்கதரிசி எலிசா அவனுக்குச் சட்டம் எழுதிக் கொடுக்கவில்லை, “சமாதானத்தோடே போ” என்கிறார் (2 இராஜாக்கள் 5:17-19). இதை வழிபாட்டில் கலந்துகொள்ள அனுமதிச்சீட்டாக எடுக்காதீர்கள். தவிப்போடு வளர உங்களுக்கும் காலம் உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு அடுத்தவர் வாயால் தெரியவிடாதீர்கள், நீங்களே சொல்லுங்கள். எது மாறாது என்பதை முதலில் சொல்லுங்கள்: நான் உங்கள் மகள்தான், உங்களைப் பார்த்துக்கொள்வேன், வீட்டுப் பொறுப்பிலிருந்து விலக மாட்டேன். அதன்பின் மாறியதைச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள படங்களையும் பூஜைப் பொருட்களையும் தொடாதீர்கள், அவை உங்களுடையவை அல்ல. ஞானஸ்நானத்துக்கு யாராவது அவசரப்படுத்தினால் காலம் கேளுங்கள். மதம் மாறுவதற்குப் போதிய யோசனையும் ஆயத்தமும் வேண்டும் என்று முன்பு சொன்ன 2011 நெறியே வலியுறுத்துகிறது. அடி, மிரட்டல், வீட்டுக்காவல் என்று போனால் மட்டும் பொறுத்துக்கொண்டிருக்காமல் பாதுகாப்பான இடத்துக்கு உடனே போய்விடுங்கள்.

பெயரையும் மாற்ற வேண்டியதில்லை. அப்பொல்லோ என்ற பெயர் அப்பல்லோ தெய்வத்திலிருந்து வந்தது, எப்பாப்பிரோதீத்து என்பது அப்ரோதித்தே தேவியிலிருந்து. ரோமர் 16:14இல் எர்மே என்றொருவர் இருக்கிறார், அது கிரேக்கத் தெய்வம் ஹெர்மஸின் பெயரேதான். சபையில் அந்தப் பெயர்களோடுதான் இருந்தார்கள்.

நற்செய்தியைக் கேட்காமலே இறந்துபோனவர்கள் நிலை என்ன?

கிறிஸ்தவர்களிடையே இதில் ஒரே கருத்து இல்லை. ரோமர் 2:14-16ஐயும், கத்தோலிக்கத் திருச்சபையின் 1964ஆம் ஆண்டு ‘லூமென் ஜென்சியும்’ ஏட்டின் 16ஆம் பத்தியையும் வைத்து, அவர்களுக்கும் மீட்பு கிடைக்கலாம் என்று நம்பிக்கையோடு பேசுவோர் உண்டு. ரோமர் 10:14ஐ வைத்து, கேளாமல் எப்படி விசுவாசிப்பார்கள் என்போரும் உண்டு. “சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ” (ஆதியாகமம் 18:25) என்பதில் இரு சாராருக்கும் சந்தேகமில்லை. துக்க வீட்டில் இந்தக் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அப்படியானால் ஏன் சொல்ல வேண்டும் என்பவர்கள் அப்போஸ்தலர் 10ஐப் பாருங்கள். ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவின் ஜெபங்களும் தருமங்களும் தேவசந்நிதியில் எட்டியிருக்கின்றன. அவனிடம் வந்த தூதன் தானே சுவிசேஷத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை, பேதுருவை அழைத்து வரச் சொல்கிறான்.

நண்பர் “இனி இதைப்பற்றிப் பேசாதே” என்று சொல்லிவிட்டார். விட்டுவிடுவது விசுவாசக் குறைவா?

இல்லை. ஐசுவரியவான் துக்கத்தோடு திரும்பிப் போனபோது இயேசு அவனிடத்தில் அன்புகூர்ந்திருந்தார், ஆனாலும் பின்னால் ஓடவில்லை, சொன்னதைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை (மாற்கு 10:21-22). சமாரியக் கிராமம் ஏற்றுக்கொள்ளாதபோது வானத்திலிருந்து அக்கினி கேட்ட சீஷர்களைத்தான் அதட்டினார் (லூக்கா 9:54-55). அத்தேனேயில்கூட சிலர் இகழ்ந்தார்கள், சிலர் பிறகு கேட்கிறோம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். 1948இன் மனித உரிமைப் பிரகடனம் 18ஆம் பிரிவில் மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையைச் சொல்கிறது. அந்த உரிமை, மாறாமல் இருக்க நினைப்பவருக்கும் உண்டு.

அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: “நானாக இனி எடுக்க மாட்டேன். நீங்கள் கேட்டால் சொல்வேன்.” சொன்னபடியே இருங்கள். சிலேடையாகவும் வாட்ஸ்அப் வசனமாகவும் அந்த வாக்கை மீறாதீர்கள். ஜெபத்தில் அவர் பெயரை விடாதீர்கள். அவர் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் இரவு துணைக்கு இருக்க நீங்கள் போங்கள், கைப்பிரதி இல்லாமல்.